வானிலிருந்து கல்லை அறிந்த கதை

கல்லை ஊமை என்று சொல்வது உலக வழக்கு. வாய் திறவாதவனைக் கல்லுளிமங்கன் என்கிறோம். இரக்கமற்ற உள்ளத்தைக் கல்நெஞ்சம் என்கிறோம். ஆயினும் மலையும் பாறையும் வயல் மண்ணும், தம்முள் இருக்கும் சில அணுக்களின் சிதைவால், இரவு பகலாகக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. அக்கதிர்களை ஆகாய விமானத்தில் பறந்தபடியே எண்ணி, கீழே கிடப்பது இன்ன வகைப் பாறை என்று கூறிவிடலாம் என்பது இருபதாம் நூற்றாண்டு கண்ட விந்தைகளுள் ஒன்று. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

சிங்பூம் வட்டாரத்தில் குடியேறி வாழும் நமக்கு இஃது அயலான செய்தி அன்று. யுரேனியம் அகழப்பெறும் ஜாதுகுடா நம் எஃகு நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றது. ஊர்ப்புறத்துக் குன்றுகளின் மேல் சிறிய விமானம் ஒன்று தாழப் பறந்து சென்று, திரும்பி, முன்பு போன கோட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் பறந்து, வயலை ஏர் உழுவது போல் வானத்தை உழுது கொண்டிருந்ததை நம்மில் சிலர் கண்டிருக்கக்கூடும். அவ்வாறு ஒரு நாள் கண்டபோது எங்கள் எதிர் வீட்டு மாமி, "அந்த விமானம் ஏதோ கதிர் வீசுகிறதாமே, மாடியில் காயும் வடகத்தை எடுத்துவிடட்டுமா?" என்று உண்மையாகவே கவலையுடன் கேட்டார். வடகத்துக்கு ஒரு தீங்கும் இல்லை. விமானம் எதையும் வீசுவதில்லை. கீழிருந்து வருவதை ஏற்று எண்ணுகின்றது, அவ்வளவே. கதிர் வீசுவது நாம் நிற்கும் தரைதான். அது நாம் பிறப்பதற்கு முன்பும் வீசியது, நமக்குப் பின்பும் வீசும்.

பாறைகளில் இயற்கையாகக் காமாக் கதிர் வெளிப்படுவதற்குக் காரணமானவை முதன்மையாக மூன்று. யுரேனியமும் அதன் வழித்தோன்றல்களும் ஒன்று, தோரியமும் அதன் வழித்தோன்றல்களும் மற்றொன்று, மூன்றாவது பொட்டாசியம். முதல் இரண்டின் பெயரைக் கேளாதார் இல்லை. மூன்றாவதைக் கதிரியக்கத்தோடு சேர்த்து நினைப்பவரோ மிகச் சிலர். இக்கட்டுரை அந்த மூன்றாவதைப் பற்றியது. விமானத்தில் கருவியை ஏற்றியவர்கள் நெடுங்காலம் பொட்டாசியத்தை ஒரு தொல்லை என்றே கருதினர். தொல்லை என்று கழித்த அதுவே பின்னர் நில இயலார்க்குப் பெருந்துணையாயிற்று.

பொட்டாசியம் நம் வீட்டுப் பொருள். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரம் துலக்கிய அடுப்புச் சாம்பலில் அது உண்டு, வாழைப்பழத்தில் உண்டு, உழவர் இடும் பொட்டாஷ் உரத்தில் உண்டு. 1807ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கில அறிஞர் காரப் பொட்டாஷில் மின்சாரம் செலுத்தி அதனைத் தனி உலோகமாகப் பிரித்தார். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் அது நிறைந்திருக்கின்றது. யுரேனியமோ பத்து லட்சத்தில் மூன்று பங்கு அளவே. இத்துணை எளிதாகக் கிடைக்கும் பொருள் கதிர் வீசும் என்று யார் எதிர்பார்ப்பார்? 1906ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜில் நார்மன் கேம்பெல், அலெக்சாண்டர் வுட் என்னும் இருவர் பொட்டாசிய உப்புகள் மிக மெல்லிய கதிரியக்கம் உடையன என்று கண்டனர். ரேடியத்தின் பேரொளியில் மயங்கியிருந்த அக்காலத்தில் அச்செய்தி பெரிதாக எடுபடவில்லை.

அதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. பொட்டாசிய அணுக்களில் உடன்பிறப்புகள் போன்ற மூன்று வகை உண்டு. அவற்றுள் 40 என்ற எடை எண் கொண்ட வகை, பத்தாயிரம் அணுக்களில் ஒன்றுக்குச் சற்று மிகுதியாகவே காணப்படும். அதனை 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் நியர் தம் கருவியால் இனங்கண்டார். கதிர் வீசுவது அந்தச் சிறுபான்மையே. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 125 கோடி ஆண்டு. பூமி தோன்றி 450 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டபடியால், தொடக்கத்தில் இருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இன்று எஞ்சியிருக்கின்றது. நூறு அணுக்கள் சிதைந்தால் அவற்றுள் சுமார் 89 கால்சியமாக மாறும். ஏனைய 11 ஆர்கான் வாயுவாக மாறும். அப்பதினொன்று மாறும்போதுதான் நமக்கு வேண்டிய காமாக் கதிர் வெளிவருகின்றது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான் என்பதையும், அதில் பெரும்பகுதி பண்டைய பொட்டாசியத்தின் பிள்ளை என்பதையும் எண்ணிப் பாருங்கள். நம் உடம்பிலேயே, வளர்ந்த ஒருவரிடத்தில், நொடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைகின்றன. மாமிக்கு இதை நான் சொல்லவில்லை.

நிற்க. தரையின் கதிரை வானிலிருந்து அளக்கும் முயற்சி எப்போது தொடங்கிற்று? நில இயலார் அதனைத் தொடங்கவில்லை. வேறொன்றைத் தேடிய பௌதிக அறிஞர்கள், தாமறியாமலே தொடங்கிவைத்தனர். மின்னூட்டம் பெற்ற கருவியை எவ்வளவு காப்பாக மூடி வைத்தாலும் அதன் மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிந்து போவது அக்காலத்தாரை வியப்பில் ஆழ்த்தியது. பூமியிலுள்ள கதிரியக்கமே காரணம் எனில் மேலே போகப் போகக் கசிவு குறைய வேண்டும். 1910ஆம் ஆண்டில் தியோடர் வுல்ஃப் என்ற பாதிரியார் பாரிஸ் நகரத்து ஈஃபெல் கோபுரத்தின் உச்சிக்குத் தம் கருவியைக் கொண்டு சென்றார். குறைந்தது உண்மை; எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பின்னர் 1912 ஆகஸ்டு 7ஆம் நாள், விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் பலூனில் ஏறி 5000 மீட்டருக்கும் மேலே சென்றார். உயரே போகப் போகக் கதிர் மிகுவதைக் கண்டு, அது விண்வெளியிலிருந்து வருகின்றது என்று உரைத்தார். அதுவே அண்டக் கதிர். அதற்காக 1936ஆம் ஆண்டு நோபெல் பரிசும் பெற்றார்.

உலகம் நினைவில் வைத்திருப்பது அப்பயணத்தின் மேற்பாதியை. கீழ்ப்பாதியை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. தரையை விட்டு எழுந்து முதல் ஓராயிரம் மீட்டருக்குள் ஹெஸ்ஸின் கருவி காட்டிய அளவு சற்றே தாழ்ந்தது. தரையிலிருந்து எழும் கதிரைக் காற்று விழுங்கியதே அதற்குக் காரணம். பிற்கால விமான அளவைக்கு அடிப்படையான உண்மை அந்தச் சிறு தாழ்விலேயே அடங்கியிருந்தது. தாழப் பறந்தால் தரை பேசுவது கேட்கும்; உயர்ந்துவிட்டால் விண்ணின் இரைச்சலில் அது மூழ்கிவிடும்.

ஹெஸ்ஸைப் பின்பற்றி 9000 மீட்டருக்கு மேல் பறந்து அவர் கூற்றை உறுதி செய்தவர் வெர்னர் கோல்ஹோர்ஸ்டர் என்ற ஜெர்மானியர். பொட்டாசிய உப்புகளிலிருந்து காமாக் கதிர் வெளிவருவதை 1928ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டியவரும் அவரே. விண்ணில் பறந்தவரும் உப்பைச் சோதித்தவரும் ஒருவராகவே அமைந்தும், இரண்டையும் இணைத்து, பறந்துகொண்டே பொட்டாசியத்தை அளக்கலாம் என்ற எண்ணம் அன்று எழவில்லை. எழுந்திருந்தாலும் அதற்கேற்ற கருவி இல்லை.

எண்ணத்தையும் கருவியையும் ஒருங்கே கொணர்ந்தது போர். 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்த பிறகு, வல்லரசுகள் எல்லாம் யுரேனியத்துக்காக அலைந்தன. காடு மலை எங்கும் ஆட்கள் கைகர் எண்ணியைத் தூக்கிக்கொண்டு நடந்தனர். நடப்பவன் நாளொன்றுக்கு எத்தனை மைல் போவான்? கருவியை விமானத்தில் ஏற்றிப் பார்த்தனர். ஆனால் கைகர் எண்ணி, தன்னை ஊடுருவும் நூறு காமாக் கதிர்களில் ஒன்றைத்தான் உணரும். வேகமாய்ப் பறக்கும் விமானத்துக்கு அது போதாது. 1948ஆம் ஆண்டில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் என்ற அமெரிக்கர், சிறிது தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமாக் கதிர் பட்டவுடன் மின்மினி போல் பளிச்சிடுவதைக் காட்டினார். சமையல் உப்பின் உறவுப் பொருளே அது. உப்பைப் போலவே ஈரம் பட்டால் கசிந்து கெடும். ஆகவே உலோகப் பெட்டியில் காற்றுப் புகாதபடி அடைத்து, அப்பளிச்சீட்டை ஒளிமின் குழாயால் மின்துடிப்பாக மாற்றி எண்ணுகின்றனர். கதிரின் ஆற்றல் மிகுந்தால் பளிச்சீடும் மிகும் என்பது அதன் தனிச்சிறப்பு. ஆயினும் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அச்சிறப்பைப் பயன்படுத்திக்கொண்டவர் அரியர். வந்த துடிப்பையெல்லாம் ஒன்றாகக் கூட்டி மொத்தத் தொகையை மட்டும் ஓடும் காகிதச் சுருளில் ஊசி கொண்டு வரைந்தனர்.

இங்கேதான் பொட்டாசியம் தொல்லையாயிற்று. சாதாரண நிலத்தில் அந்த மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. இளஞ்சிவப்புக் கருங்கல் மலை ஒன்றின் மேல் விமானம் பறந்தால் ஊசி துள்ளும். யுரேனியம் அகப்பட்டது என்று ஜீப்பிலும் கால்நடையாகவும் போய்ப் பார்த்தால், அங்கே மலை முழுதும் பொட்டாசியம் செறிந்த ஃபெல்ஸ்பார் படிகம் பளபளத்துக் கொண்டிருக்கும். அவ்வாறு ஏமாந்து திரும்பியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு; எனினும் அவர்கள் கைவிட்டது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் உண்டியலைத் திறந்து மொத்தத்தை மட்டும் எழுதி வைத்தால், யார் எவ்வளவு போட்டார் என்று பின்னால் எவராலும் சொல்ல இயலாது. அக்காலத்துச் சுருள்களின் நிலையும் அதுவே. ஆயிரக்கணக்கான மைல் பறந்து, மூன்று குரல்களையும் கேட்டு, மூன்றையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிட்டனர். அந்தக் கலவையிலிருந்து பொட்டாசியத்தின் பங்கைப் பிரித்தெடுக்க இன்றைய கணிப்பொறியாலும் ஆகாது.

பொட்டாசியத்தின் பங்கு ஏன் அவ்வளவு அருமையானது என்று கேட்கலாம். பாறையை இனம் பிரித்தறிய அது நல்ல அடையாளம் என்பதே விடை. கருங்கல்லில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு பொட்டாசியம் இருக்கும்; எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டுக் கல்லில் ஒரு பங்கு இருப்பதே மிகுதி; சுண்ணாம்புக் கல்லிலும் வெண்மணலிலும் ஏறத்தாழ இல்லை. கல்கத்தாவுக்குச் செல்லும் அன்பர்கள் செயின்ட் ஜான் மாதாகோயில் வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கும்பினி அதிகாரியின் கல்லறையைக் காணலாம். அக்கல்லறைக் கல் வங்கத்துக் கல் அன்று. நம் சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றுகளின் இனத்தைச் சேர்ந்தது. தாமஸ் ஹாலண்ட் என்ற நில இயல் அறிஞர் 1893ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து, அப்பாறைக்கே சார்னகைட் என்று பெயர் சூட்டினார். நமக்கெல்லாம் முன்பே வடக்கே குடிபெயர்ந்த அத்தமிழ்நாட்டுக் கல்லிலும் பொட்டாசியம் கொண்ட ஃபெல்ஸ்பார் உண்டு. ஹாலண்ட் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து, உருப்பெருக்கியில் வைத்து அதனை அறிந்தார். ஒரு மாவட்டம் முழுவதையும் அவ்வாறு அறுத்துப் பார்க்க முடியுமா?

மூன்று குரல்களையும் தனித்தனியே பிரித்துக் கேட்கும் கலை 1960களில் உருப்பெற்றது. பொட்டாசியத்தின் காமாக் கதிருக்கு 1.46 மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஒரே ஆற்றல்தான். யுரேனியத்தை அதன் வழித்தோன்றலான பிஸ்மத்தின் 1.76 என்ற கதிராலும், தோரியத்தை அதன் வழித்தோன்றலான தாலியத்தின் 2.62 என்ற கதிராலும் அறிவர். மூன்று ஆற்றல்களுக்கும் மூன்று சாளரங்கள் அமைத்து, அவ்வவற்றின் வழியே வரும் துடிப்புகளை வெவ்வேறாக எண்ணினால் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. காமாக் கதிர் பாறையிலும் காற்றிலும் படிகத்திலும் மோதி ஆற்றலை இழக்கும். மாடிப்படியில் உருளும் பந்து கீழ்ப்படிக்கு வருமேயன்றி மேற்படிக்கு ஏறாது. அதுபோல் தோரியத்தின் கதிர் தளர்ந்து யுரேனியச் சாளரத்திலும் பொட்டாசியச் சாளரத்திலும் விழும். யுரேனியத்தின் கதிர் தளர்ந்து பொட்டாசியச் சாளரத்தில் விழும். பொட்டாசியம் அடிப்படியில் நிற்பதால் மற்ற இரண்டின் சுமையும் அதன் தலைமேல்தான். ஆகவே மேலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் கலப்பையும் கணக்கிட்டுக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

அதற்கு முன்பே கழிக்க வேண்டியவையும் உள. விமானத்தின் உடலிலும் சிறிது கதிரியக்கம் உண்டு. விண்ணிலிருந்து ஹெஸ் கண்ட கதிர் உண்டு. எல்லாவற்றிலும் பொல்லாதது ரேடான் வாயு. தரையிலிருந்து கசிந்து, காற்றில்லாத விடியற்காலையில் பள்ளத்தாக்குகளில் தேங்கி நின்று, யுரேனியம் இருப்பது போலவே ஏமாற்றும். மழை பெய்தாலோ அதன் வழித்தோன்றல்கள் தரையில் படியும். அதனால் மழைக்குப் பின் சில மணி நேரம் பறப்பதில்லை. பெரிய ஏரியின் மேலோ கடலின் மேலோ பறந்தால் தரையின் குரல் நீரால் அடைபட்டுவிடும். எஞ்சி ஒலிப்பது விமானத்துடையதும் விண்ணுடையதும் ரேடானுடையதுமே. அவ்வாறு பின்னணியை அளந்து கொள்வர். விமானம் ஏறத்தாழ 75 மீட்டர் உயருந்தோறும் பொட்டாசியத்தின் குரல் பாதியாகும் என்பதால், தரையிலிருந்து உயரத்தையும் நொடிக்கு நொடி அளந்து திருத்த வேண்டும். படிகம் வார்க்கும்போதே சோடியத்தோடு பொட்டாசியம் கலந்துவிடாமல் காக்க வேண்டும். கலந்தால் காவலனே திருடனைப் போல் ஓசை எழுப்புவான்.

இத்துறையில் முன்னின்று உழைத்தது கனடா நாட்டு நில இயல் ஆய்வு நிறுவனம். ஆர்தர் டார்ன்லி என்பவர் தலைமையில் அங்குள்ளோர், சிறு படிகங்களை விட்டு, மொத்தம் 50 லிட்டர் கொள்ளளவு வரும் பன்னிரண்டு பெரும் படிகங்களை ஸ்கைவேன் என்னும் பெட்டி போன்ற விமானத்தில் ஏற்றினர். 1968ஆம் ஆண்டில் ஒட்டாவா விமான நிலையத்தில், அளவு தெரிந்த பொட்டாசியமும் யுரேனியமும் தோரியமும் கலந்து கான்கிரீட்டு மேடைகளை வார்த்து, அவற்றின் மேல் விமானத்தை நிறுத்திக் கருவியைச் சோதித்தனர். கடைக்காரர் தராசுக்கு எடைக்கல் முத்திரை போடுவது போன்ற வேலைதான். இதில் விந்தை ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். என் கருத்தில் இக்கலையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் கிடையாது. அதற்கு முன் ஊசி துள்ளிற்று என்றுதான் சொல்ல முடிந்தது; அதற்குப் பின் இந்நிலத்தில் பொட்டாசியம் நூற்றுக்கு இத்தனை என்று சொல்ல முடிந்தது. ஒரு நாட்டார் அளந்ததை மற்றொரு நாட்டார் ஒப்பிடவும் வழி பிறந்தது.

கனடாவின் கருவிக்கு எதிர்பாராத ஒரு சோதனையும் வந்தது. 1978 ஜனவரியில், அணு உலை பொருத்திய காஸ்மாஸ் 954 என்ற சோவியத் செயற்கைக்கோள் கனடாவின் வடபால் பனிப்பாலையில் நொறுங்கி விழுந்தது. சிதறிய துண்டுகளை நடந்து தேடுவது ஆகாத காரியம். பாறையை அளக்கும் கருவியை ஹெர்குலிஸ் விமானத்தில் ஏற்றிப் பறந்து, பாறைக்கு உரிய குரல்களோடு ஒட்டாத குரல் எங்கே எழுகின்றது என்று கேட்டு அத்துண்டுகளைக் கண்டுபிடித்தனர். இயல்பான குரல் எது என்று முன்பே அறிந்திருந்தமையால் அன்றோ இயல்பற்றதை இனங்காண முடிந்தது!

நம் நாட்டுக்கு வருவோம். 1949ஆம் ஆண்டில் அணுசக்திக் கமிஷனின் கீழ் அரிய கனிமங்கள் ஆய்வுப் பிரிவு தொடங்கப்பெற்றது. இந்திய நில இயல் நூலால் புகழ்பெற்ற டி. என். வாடியா அதனை முன்னின்று நடத்தினார். 1951இல் ஜாதுகுடாவில் யுரேனியம் அகப்பட்டது தரையில் நடந்தவர்களின் உழைப்பினால்தான். விமானம் அதன் புகழில் பங்கு கேட்க முடியாது. 1950களின் நடுவில் அப்பிரிவினர் விமான அளவையையும் மேற்கொண்டனர். முதலில் மொத்தத் தொகை. பின்னர்ச் சாளரம் வைத்த கருவிகள். இந்திய நில இயல் ஆய்வுத் துறையோ 1967இல் அமெரிக்க உதவியுடன் 'ஆபரேஷன் ஹார்ட்ராக்' என்ற பெயரால் அன்றைய பீகார், ஆந்திரம், இராஜஸ்தானம் ஆகியவற்றின் சில பகுதிகளில் கனிமம் தேடிப் பறந்தது. 1980களில் அத்துறை ட்வின் ஆட்டர் விமானம் ஒன்றைத் தனக்கெனப் பெற்றுக் காந்தம், காமாக் கதிர் முதலியவற்றை ஒருங்கே அளந்து வந்தது. கனிமம் இருக்கக்கூடிய நிலப்பரப்பு முழுவதையும் அவ்வாறு அளக்கும் நாடு தழுவிய திட்டம் ஒன்று 2017இல் தொடங்கிற்று.

இவற்றுள் பொட்டாசியத்துக்கு என்ன வேலை? செம்புத் தாதுவைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்கின்றேன். பூமியின் ஆழத்திலிருந்து எழும் சூடான நீர்மங்கள் செம்பையும் பொன்னையும் கொணர்ந்து படிய வைக்கும்போது, பல இடங்களில் சுற்றியுள்ள பாறையில் பொட்டாசியத்தையும் ஏற்றிவிடுகின்றன. தோரியமோ எளிதில் இடம் பெயராது. ஆகையால் பொட்டாசியம் மிகுந்து, தோரியம் மட்டும் மிகாமல் இருக்கும் இடத்தைப் படத்தில் கண்டால், அங்கே பழங்காலத்தில் சுடுநீர் பாய்ந்தது என்று ஐயுறலாம். வெறும் கருங்கல்லாயின் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே மிகும். முன்பு ஊசியைத் துள்ள வைத்து ஏமாற்றிய அதே பொட்டாசியம், தோரியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவுடன் வழிகாட்டியாகிவிட்டது. அமெரிக்காவில் 1970களில் யுரேனியத்துக்காகவே நாடெங்கும் பறந்தனர். ஆனால் மூன்றையும் தனித்தனியே எழுதி வைத்திருந்தமையால், யுரேனிய வேட்டை ஓய்ந்த பின்னரும் அக்கணக்கிலிருந்து பொட்டாசியப் படம் வரைய முடிந்தது. ஆஸ்திரேலியர் 2009ஆம் ஆண்டில் தம் கண்டம் முழுவதற்குமே அத்தகைய படம் வெளியிட்டனர். அங்கே மண் ஆராய்ச்சியாளரும் அதனைப் பயன்படுத்துகின்றனர். பனி மூடினால் பொட்டாசியத்தின் குரல் மங்கும் அல்லவா? எவ்வளவு மங்கிற்று என்று அளந்து, மலைப்பனியில் எவ்வளவு நீர் இருக்கின்றது, வேனிலில் வெள்ளம் எவ்வளவு வரும் என்று கணிக்கவும் மேல்நாட்டார் கற்றுக்கொண்டனர்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. இக்கருவி கேட்பது நிலத்தின் தோலை மட்டுமே. அதற்கு எட்டும் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தரைக்குக் கீழே 30, 40 சென்டிமீட்டருக்குள் பிறப்பது. ஒரு முழம் என்று சொல்லலாம். அதற்குக் கீழே பொன்மலையே இருந்தாலும் விமானம் அறியாது. ஒரு முழ மண் வேறிடத்திலிருந்து ஆறு கொணர்ந்த வண்டலாயின், படம் காட்டுவது அந்த வண்டலையே. அடியிலுள்ள பாறையை அன்று. மண் ஈரமாயின் குரல் தாழும். காடு அடர்ந்திருந்தாலும் தாழும்.

இதன் வலியை நம் நாடு பொட்டாஷ் உரத்தில் உணர்கின்றது. நம் வயல்களுக்கு வேண்டிய பொட்டாஷ் முழுவதும் அயல்நாடுகளிலிருந்தே வருகின்றது. இவ்வளவு பெரிய தேசத்தில் பொட்டாசியம் இல்லையா என்று கேட்பார் உளர். சோட்டா நாகபுரியின் கருங்கல்லிலும் தக்காணத்தின் கருங்கல்லிலும் கணக்கற்று இருக்கின்றது. ஆனால் ஃபெல்ஸ்பாரின் இரும்புப்பிடியில் இருக்கின்றது. மழையும் வெயிலும் அதனை விடுவிக்க நெடுங்காலம் பிடிக்கும். நெற்பயிர் அதுவரை காத்திராது. எளிதில் கரையும் பொட்டாஷ் உப்பு இராஜஸ்தானத்தின் வடமேற்கே நாகௌர், கங்காநகர்ப் பகுதியில் உண்டு. அதுவோ நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், பழைய கடல் வற்றிய படிவுகளுக்கிடையே புதைந்து கிடக்கின்றது. அதன் நேர் மேலே நாள் முழுதும் பறந்தாலும் விமானத்துக்கு மேலே கிடக்கும் மணலின் குரல்தான் கேட்கும். துளை போட்டுத்தான் அதனைக் கண்டார்கள். விந்திய மலைத்தொடரைச் சேர்ந்த சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிளாக்கோனைட் என்னும் பசுங்கனிமம் கொண்ட பாறைகள் மேற்பரப்பிலேயே உள்ளன. அவற்றில் பொட்டாசியம் உண்டு. அத்தகையவற்றை வானிலிருந்து தேடலாம். ஆனால் அவற்றிலிருந்து கட்டுபடியான செலவில் உரம் எடுப்பது இரசாயன அறிஞர்களின் பாடு. அவ்வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

மூன்று குரல்களையும் ஒரே படத்தில் காட்டுவதற்குப் பொட்டாசியத்துக்குச் சிவப்பு, தோரியத்துக்குப் பச்சை, யுரேனியத்துக்கு நீலம் என்று வண்ணம் தீட்டுவது வழக்கம். மூன்றும் மிகுந்த இடம் வெள்ளையாகவும், மூன்றும் குறைந்த இடம் கருமையாகவும் தோன்றும். அப்படத்தில் பச்சை என்றால் வயல் என்று எண்ணிவிடக் கூடாது. தோரியம் செறிந்த மோனசைட்டு மணல் பரந்த நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை, ஒரு புல்லும் இல்லாவிடினும் பச்சை நிறத்துக்கே உரியது. நாம் மாலை நேரங்களில் மாடியிலிருந்து காணும் டால்மா மலையோ, யானைகள் உலவும் பசுங்காடு. ஆனால் அதன் உடல், பொட்டாசியம் குறைந்த பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கல். எனவே அப்படத்தில் டால்மா கருமையாகவே விழ வேண்டும். அதன் மேல் கவிந்த காடும் அந்தக் கருமையைச் சற்று மிகுவிக்கும்.